ஆட்டிசம் என்று தெரிந்துவிட்டது. பழைய மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

இன்ஜினியரிங் கடைசி வருடத்தில், ஹாஸ்டலில் இருந்தபோது, தொடர்ந்து பல இரவுகள் அவருக்குத் தூக்கம் வரவில்லை. மெஸ் சமையலறையில் குக்கர் விசில் அடிப்பதெல்லாம் தன்னைப் பற்றிய சங்கேதம் என்று தோன்ற ஆரம்பித்தது. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் தான் செய்வதையெல்லாம் வர்ணித்துப் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. சாப்பாட்டில் விஷம் என்று நம்பி வெறும் பிஸ்கெட்டில் நாட்களை ஓட்டியவரை வீட்டார் வந்து அழைத்துப்போய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றார்கள். ரிஸ்பெரிடோன் மாத்திரையில் இரண்டு மாதத்தில் குரல்கள் நின்றன, படிப்பையும் முடித்தார். ஒன்றரை வருடம் கழித்துத் தானாகவே மாத்திரையை நிறுத்தினார். ஐந்தாவது மாதம் பக்கத்து ஃபிளாட் குக்கர் பேச ஆரம்பித்தது. மறுபடி மாத்திரை. கடந்த மூன்று வருடமாகக் குரல் இல்லை.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இரண்டு அமர்வுகளில் சில கேள்வித்தாள்களை நிரப்பச் சொல்லிவிட்டு, ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதும், சத்தம், தொடுதலை உணர்வதும் சிறு வயதிலிருந்தே வேறு மாதிரி இருக்கும் நிலை) என்று சொல்லியிருக்கிறார். “படித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையே எனக்கு இப்போதுதான் புரிந்தது. அப்படியானால் அன்று சொன்ன வியாதி தப்புதானே?” என்று கேட்கிறார். இதற்கிடையில் புதிதாகப் பார்த்த மனநல மருத்துவர், “பக்கத்தில் யாரும் இல்லாதபோது பேச்சுக்குரல் கேட்கிறதா?” என்று கேட்க, இவர் “கேட்கும்” என்றிருக்கிறார். இவர் சொன்னது அடுத்த வீட்டு டிவியை. டாக்டர் 4 மி.கி. மாத்திரையை 6 ஆக்கிவிட்டார். அந்தக் கோபத்தில் மூன்று வாரமாக 2 மி.கி. மட்டும் போட்டுக்கொள்கிறார். அம்மாவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எடை கூடியிருக்கிறது, ஏழு மாதமாக மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை. வீட்டில் வரன் பார்க்கிறார்கள்; அது தைராய்டு மாத்திரை என்றுதான் உறவுக்காரர்களிடம் அம்மா சொல்லி வைத்திருக்கிறார். ஆபீஸில் சொல்வதா வேண்டாமா என்ற குழப்பம் வேறு.

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மூன்று வார விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். “பாதியாகக் குறைத்தும் ஒன்றும் ஆகவில்லையே” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகாதுதான். மருந்து குறைந்த முதல் வாரங்களில் பலருக்கும் நன்றாகவே இருக்கும். மந்தம் விலகும், தலை லேசாகும். போன முறை உங்களுக்கு நோய் திரும்பியது ஐந்தாவது மாதத்தில் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த மூன்று வாரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நீங்கள் நலமாக இருந்த 4 மி.கி. அளவுக்குத் திரும்பிவிட்டு மற்றதைப் பேசலாம் என்பது என் கருத்து. ஆனால் உங்களை நேரில் பார்த்துச் சீட்டு எழுதுபவர் உங்கள் டாக்டர். இந்த வாரமே அவரிடம் “2 மட்டும்தான் போடுகிறேன், டிவி சத்தத்தைத்தான் அன்று சொன்னேன்” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். திட்டினால் திட்டட்டும். நீங்கள் 6 போடுகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு அவர் அடுத்த முடிவை எடுத்தால் அது உங்களுக்குத்தான் ஆபத்து.

இரண்டில் ஒன்றா, இரண்டுமா?

ஆட்டிசம் உண்மையென்றால் சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேட்டு, நடக்காததை நம்பிய அந்த நோய், பொய்யாகிவிடும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியில்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், பலருக்கு இருக்கிறது.

இப்படி நினைத்தது நீங்கள் மட்டுமில்லை, மருத்துவ உலகமும் நெடுங்காலம் இதில் குழம்பியது. 1943இல் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்த பிறகும், அதைக் குழந்தைப் பருவ மனச்சிதைவின் ஒரு வடிவமாகவே பலர் பார்த்தார்கள். 1971இல் பிரிட்டனில் இஸ்ரேல் கொல்வின் வெளியிட்ட ஆய்வுகள், மூன்று வயதுக்குள் தெரிந்துவிடும் நிலை வேறு, பின்னால் தொடங்கும் நோய் வேறு என்று காட்டின. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தது. பிரித்தது சரி. பிரித்த வேகத்தில், ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் இன்னொன்றைத் தேடாத பழக்கமும் டாக்டர்களிடம் வந்துவிட்டது. 2013இல் வந்த அதே கையேட்டின் ஐந்தாம் பதிப்பு (டிஎஸ்எம்-5) இதில் தெளிவாக இருக்கிறது: ஆட்டிசம் உள்ளவருக்கு வெளிப்படையான பிறழ் நம்பிக்கையோ (சாப்பாட்டில் விஷம் என்பது போல), இல்லாத குரல் கேட்பதோ ஒரு மாதமாவது இருந்தால், சிகிச்சையால் அதற்கு முன்பே அடங்கியிருந்தாலும்கூட, மனச்சிதைவையும் சேர்த்துச் சொல்லலாம். 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களில் 100க்கு சுமார் 4 பேருக்கு மனச்சிதைவு வகை நோய் இருந்தது. பொதுவாக மக்களிடம் மனச்சிதைவு 100க்கு ஒருவருக்கும் குறைவு.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். ஐந்து வயதில் கோவிலில் தவில் சத்தம் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியது, பாவாடை நாடா உறுத்துகிறது என்று தினமும் அழுதது, உக்கடத்திலிருந்து கிளம்பும் பஸ்களின் ரூட் நம்பர்களையும் நேரங்களையும் மனப்பாடமாக வைத்திருந்தது, வகுப்பில் யாருடனும் ஒட்டாமல் இருந்தும் “சமர்த்துப் பொண்ணு” என்று பெயர் வாங்கியது. இதெல்லாம் சின்ன வயதிலிருந்து ஒரே சீராக வந்திருக்கிறது. இருபது வயதில் தொடங்கவில்லை, ரிஸ்பெரிடோன் போட்டு நிற்கவுமில்லை. குக்கர் விசில் விஷயம் வேறு மாதிரி. அது ஒரு கட்டத்தில் வந்தது, மருந்தில் போனது, மருந்தை விட்டதும் அதே குக்கர் வழியாகவே திரும்பி வந்தது. ஆட்டிசம் அப்படி வந்து வந்து போவதில்லை. உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், அன்று பார்த்தவர்கள் சைக்கோசிஸை சரியாகவே கண்டார்கள். அதற்கு முன் இருந்த இருபது வருடத்தைக் கேட்கத் தவறிவிட்டார்கள்.

அதேபோல ஆட்டிசம் என்ற முடிவையும் இன்னும் கொஞ்சம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நம்பவில்லை என்பதால் இதைச் சொல்லவில்லை. மனச்சிதைவு வந்து போன பிறகு பேச்சு குறைவது, முகபாவம் மங்குவது, ஆட்களைத் தவிர்ப்பது எல்லாம் பலரிடம் தங்கிவிடும். இன்றைய நிலையை மட்டும் அளக்கும் கேள்வித்தாளில் அதுவும் ஆட்டிசம் போலவே மதிப்பெண் வாங்கும். பிரித்துக் காட்டுவது குழந்தைப் பருவம்தான். உங்கள் அம்மாவை உட்கார வைத்து, எப்போது பேசினாள், எப்படி விளையாடினாள், எதற்கு அழுதாள் என்று ஒரு மணி நேரமாவது விசாரித்தால்தான் மதிப்பீடு முழுமையாகும். இரண்டு அமர்வில் அம்மாவைக் கூப்பிடவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை அவரையும், பள்ளி ரிப்போர்ட் கார்டுகள் இருந்தால் அவற்றையும் கொண்டுபோங்கள்.

ஹாஸ்டலில் இருந்தபோது சேர்த்த மருத்துவமனையின் கோப்பும் வேண்டும். தர மாட்டார்கள் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 25 உங்கள் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. எழுத்தில் விண்ணப்பித்து, வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பில் மூளை ஸ்கேன், இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) எடுத்தார்களா என்று பாருங்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். வெட்டி இழுக்காமல், சில நொடிகள் பிரமை பிடித்தது போல் நின்றுவிடும் வலிப்பும் உண்டு. அப்படி எப்போதாவது நடந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

காதில் விழுவதைப் பிரித்துப் பார்க்க

டாக்டர் கேட்ட கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் தவறே இல்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னீர்கள். கேட்டவர்தான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களைப் பார்க்கும்போது மனநல மருத்துவர்களாகிய நாங்கள் சறுக்குகிற இடம் இது. “பேய் பிடித்த மாதிரி தோணுதா”, “யாராவது உங்களைக் கவனிக்கிறாங்களா” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், சிசிடிவி இருக்கிற ஆபீஸில் வேலை பார்ப்பவர் “ஆமாம், கவனிக்கிறார்கள்” என்றுதான் சொல்வார்.

அதனால் நீங்களே ஒரு குறிப்பு தயார் செய்துகொள்ளுங்கள். சத்தம் ஒன்று தொந்தரவு செய்தால் முதலில் பார்க்க வேண்டியது, அது எங்கிருந்து வருகிறது என்பது. காதை அடைத்தால் குறைகிறதா? பக்கத்தில் இருப்பவருக்கும், உற்றுக் கேட்டால், கேட்கிறதா? டியூப் லைட் சோக்கின் ரீங்காரம், ஏசியின் உறுமல், மூன்றாவது வீட்டு மிக்ஸி எல்லாம் மற்றவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவதை உங்கள் காது விடாமல் பிடித்துக்கொள்வதுதான். அதற்கு மருந்து ஹெட்போன், ரிஸ்பெரிடோன் இல்லை. மேனேஜர் நேற்று சொன்ன வாக்கியம் மனதுக்குள் அதே குரலில் திரும்பத் திரும்ப ஓடுவதும் வேறு. அது உங்கள் நினைவு என்று உங்களுக்கே தெரியும். தனியாக இருக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதைக் கண்டு அம்மா பயப்படுகிறார் என்றீர்களே, சின்ன வயதிலும் அப்படித்தான் செய்தீர்கள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது அர்த்தம் மாறும்போது. சத்தம் உங்களைக் குறித்துப் பேசுகிறது, உங்களுக்காகவே எழுப்பப்படுகிறது, அதைச் செய்பவருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது, இதில் நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்க வாய்ப்பே இல்லை என்று தோன்றினால் அது காதின் கூர்மையால் வருவதில்லை. கூடவே இரண்டு மூன்று இரவு தூக்கமும் போனால் காத்திருக்க வேண்டாம். மறுநாளே டாக்டரைப் பாருங்கள். உங்களுக்கு இரண்டு முறையும் குக்கரில்தான் தொடங்கியிருக்கிறது. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த அறிகுறி இருக்கும், பெரும்பாலும் மாறாது. விசிலை எண்ண ஆரம்பிக்கிறீர்கள் என்றால் அதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்வது என்று இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சந்தேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “பேன்ட்ரியில் என்னைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் வருடக்கணக்கில் கேலிக்கு ஆளானவர் அப்படி நினைப்பது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் உண்மையிலேயே சிரித்திருக்கலாம். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று குறித்துவைத்து, உங்கள் அண்ணனிடம் காட்டிக் கேளுங்கள். அவர் “இருக்கலாம், ஆனா வேற விஷயமாவும் இருக்கலாம்” என்று சொன்னால், அதை உங்களால் யோசித்துப் பார்க்க முடிகிறதா? முடிந்தால் நல்லது.

வார இறுதியில் தெரியாத ரூட்டில் கடைசி நிறுத்தம் வரை பஸ்ஸில் போய்த் திரும்புவதை அம்மா தடுக்கிறார், அதுவும் வியாதி என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வியாதி இல்லை. தாராளமாகப் போங்கள். வாரம் முழுக்க மனிதர்களோடு மல்லுக்கட்டிய மூளைக்கு அது ஓய்வு. அம்மாவிடம் இந்த வரியைக் காட்டலாம்: போவதைப் பற்றிக் கவலை வேண்டாம், போகப் பிடிக்காமல் அறைக்குள்ளேயே கிடந்தால் அப்போது விசாரியுங்கள்.

மாத்திரை

மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன், நிறுத்திவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு முறை வந்த ஒருவருக்கு நிறுத்துவதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டு நீங்கள் முடிவு செய்ய வேண்டும். முதல் முறை சைக்கோசிஸ் வந்தவர்களை நியூயார்க்கில் ஐந்து வருடம் பின்தொடர்ந்து 1999இல் வெளியான ஆய்வில், மருந்தை விட்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. மெதுவாகக் குறைத்தால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 253 பேரை வைத்து நடத்தி 2023இல் வெளியிட்ட ராடார் ஆய்வில், படிப்படியாகக் குறைத்தவர்களில் 25 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்தில் கடுமையாக நோய் திரும்பியது. வழக்கமான அளவில் தொடர்ந்தவர்களில் 13 சதவீதம். குறைத்ததால் வேலை, பழக்கவழக்கம் போன்றவற்றில் கூடுதல் முன்னேற்றமும் அந்த இரண்டு வருடத்துக்குள் தெரியவில்லை. இதைத் திருப்பியும் படிக்கலாம்: மேற்பார்வையில் குறைத்த நான்கு பேரில் மூன்று பேருக்கு அப்படிக் கடுமையாகத் திரும்பவில்லை. உங்களுக்கு வேலை இருக்கிறது, மூன்று வருடம் நன்றாகப் போயிருக்கிறது. இழக்க நிறைய இருக்கும்போது அவசரம் வேண்டாம் என்பது என் பக்கம்.

ஆனால் இப்போது சாப்பிடுகிற மருந்தையே, இதே அளவில், இந்தப் பக்கவிளைவுகளோடு சகித்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றக்கூடியது. மாதவிடாய் தள்ளிப்போவதற்கு அது காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கர்ப்பம், தைராய்டு ஆகியவற்றை விலக்கிவிட்டு, ரத்தத்தில் புரோலாக்டின் அளவு பார்க்கச் சொல்லுங்கள். கூடவே வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு. புரோலாக்டின் பல வருடம் உயர்ந்தே இருந்தால் எலும்பு வலுவிழக்கும், ஆகவே “மாதவிடாய்தானே” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அரிபிப்ரசோல் போன்ற மருந்துகள் இந்த ஹார்மோனை ஏற்றுவதில்லை, எடையும் பொதுவாகக் குறைவாகவே கூடும். மாற்றுவதென்றால் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதைச் சேர்ப்பார்கள்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த வகை மருந்துகளால் சிலருக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும். கால் நிற்காது, நடந்துகொண்டே இருக்கத் தோன்றும். அரிபிப்ரசோலில் இது வரலாம். ஆட்டிசம் உள்ளவர் நடந்துகொண்டே இருந்தால், “அது அவங்க இயல்பு” என்று விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் நோய் முற்றிவிட்டது என்று மருந்தை இன்னும் கூட்டுவார்கள். இரண்டும் தவறாகப் போகும். உங்களுக்குப் பிடித்து நடப்பதும், நடக்காமல் இருக்க முடியாமல் நடப்பதும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவதே நல்லது என்பதும் பெரும்பாலான மருத்துவர்களின் அனுபவம்.

ரிஸ்பெரிடோன் எடுப்பதால் விறைப்பும் நடுக்கமும் வராமல் இருக்கச் சேர்த்துக் கொடுத்த டிரைஹெக்சிபெனிடிலைப் பல ஊர்களில் யாரும் மறுபரிசீலனை செய்வதே இல்லை. வாய் வறட்சிக்கும் மலச்சிக்கலுக்கும் ஞாபக மந்தத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இன்னும் தேவையா என்று கேளுங்கள். திடீரென்று மட்டும் நிறுத்தாதீர்கள்.

இன்னொரு அவசர நிலையை உங்கள் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். எப்போதாவது நீங்கள் பேச்சே நின்று, சாப்பிடாமல், ஒரே நிலையில் மணிக்கணக்கில் உறைந்துபோனால் அது பிடிவாதமும் இல்லை, சோம்பலும் இல்லை. கேட்டடோனியா என்று பெயர். ஆட்டிசத்திலும் வரும், சைக்கோசிஸிலும் வரும். லோராசெபாம் என்ற மருந்தில் பலருக்கு வேகமாகவே தெளியும். பூசாரியிடமும் தர்காவிலும் நாட்களைக் கழித்துவிட்டு நீர் வற்றி வருபவர்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். கும்பிடுவதைத் தடுக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டே கும்பிடலாம்.

கல்யாணப் பேச்சு

சட்ட நுணுக்கம் வழக்கறிஞரின் வேலை. ஆனாலும் இந்தக் கேள்வி மாதந்தோறும் வருவதால், ஒரு மனநல மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன்.

நோய் இருப்பதாலேயே உங்களுக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் அது தவறு. மனநோய் இருப்பதாகக் கண்டறிந்ததை மட்டும் வைத்து ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கருதக் கூடாது என்று 2017 சட்டத்தின் பிரிவு 3 சொல்கிறது. மனச்சிதைவு என்ற பெயரை மட்டும் வைத்து விவாகரத்து தர முடியாது, நோயின் தீவிரம் என்ன என்று பார்க்க வேண்டும் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மறைத்துச் செய்யும் கல்யாணத்தில்தான் சிக்கல். இந்து திருமணச் சட்டம், 1955, பிரிவு 12இன்படி, மணமகளைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கினால் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனைவியின் மனச்சிதைவைச் சொல்லாமல் செய்த ஒரு கல்யாணத்தை 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

நீதிமன்றத்தை விடுங்கள். கல்யாணமான முதல் மாதத்தில் மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பீர்கள்? ஒளிக்க முடியாமல் நிறுத்துவீர்கள். புது வீடு, புது மனிதர்கள், புதுச் சத்தங்கள், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வரும் அதே நேரத்தில் மருந்தும் இருக்காது. மறைத்துக் கட்டிவைத்த கல்யாணங்களில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். “ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று உங்கள் மாமா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் சைக்கோசிஸ் திரும்ப வாய்ப்பு அதிகமுள்ள காலம். குழந்தை வேண்டும் என்றால் தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் மருந்து, பிரசவம், இரவில் குழந்தையை யார் பார்ப்பது என்பதையெல்லாம் டாக்டரோடு முன்பே திட்டமிட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே தரகரிடம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜாதகம் பார்த்து, பேசிப் பிடித்து, உறுதி செய்வதற்கு முன், பையனிடம் நீங்களே சொல்லுங்கள். பெரியவர்கள் வழியாகப் போனால் விஷயம் வேறு உருவத்தில் போய்ச் சேரும். வேண்டுமானால் இருவரும் உங்கள் டாக்டரிடம் சேர்ந்து வந்து பேசலாம். இதைவிட முக்கியமான ஒரு கேள்வியை உங்களிடம் கேட்க வேண்டும். நான்கு பக்கக் கடிதத்தில் அம்மா என்ன நினைக்கிறார், மாமா என்ன நினைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கல்யாணத்தில் விருப்பமா என்று ஒரு வரிகூட இல்லை. மருந்து மாற்றி நிலைப்படும் வரை, ஒரு வருடம்போல, வரன் பார்ப்பதைத் தள்ளிவைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஆபீஸ்

இங்கே அவசரமே இல்லை. உங்கள் மருத்துவ விவரங்களை உங்கள் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017 மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 23 சொல்கிறது. அதனால் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் கையில். ஆட்டிசத்தை மட்டும் சொல்லிவிட்டு சைக்கோசிஸைச் சொல்லாமலும் இருக்கலாம். எதையும் சொல்லாமல், பேன்ட்ரிக்குத் தள்ளி உட்கார இடம், ஹெட்போன் போட அனுமதி, வேலையை வாய்மொழியாகச் சொல்லாமல் மெயிலில் அனுப்புவது ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் கேட்கிற விஷயங்கள்தான், பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் அப்புறம் சட்டத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, மனநோயும் உண்டு. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. உங்கள் நிறுவனத்தில் அது இருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேட்கலாம். அரசு வேலையில் இட ஒதுக்கீட்டுக்கு முயல்வதாக இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கட்டாயம் தேவைப்படும்; 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவக் குழு மதிப்பிட்டால் இட ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

முன்கூட்டியே எழுதி வைப்பது

நீங்கள் கேட்காத ஒன்றை நானாகச் சொல்கிறேன். மறுபடி நோய் வந்து உங்களால் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எப்படி நடத்த வேண்டும், எப்படி நடத்தக் கூடாது என்பதை இப்போதே எழுதி வைக்க 2017 சட்டத்தின் பிரிவு 5 இடம் தருகிறது. உங்கள் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் பிரிவு 14இல் வழி இருக்கிறது. அவசரச் சிகிச்சைக்கு இந்த ஆவணம் பொருந்தாது, மற்றபடி மருத்துவர்கள் இதைக் கருத்தில் கொண்டே நடக்க வேண்டும்.

பொதுவாக இதில் எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்று எழுதுவார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் எழுதலாம். வார்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் படுக்கை வேண்டாம். சொல்லாமல் தொடாதீர்கள். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள், முடிந்தால் எழுதிக் காட்டுங்கள். ஹெட்போனைப் பிடுங்காதீர்கள். தயிர் சாதம் மட்டும் கேட்டால் அது விஷ பயம் இல்லை, எனக்கு எப்போதும் அதுதான் பிடிக்கும். கண்ணைப் பார்த்துப் பேசாததை நோயின் தீவிரமாகக் கணக்கிடாதீர்கள். “குரல் கேட்கிறதா” என்று கேட்டால், யாருடைய குரல், எங்கிருந்து, என்ன சொல்கிறது என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஆட்டிசம் பற்றித் தெரியாத ஒரு நைட் டியூட்டி டாக்டருக்கு இந்த ஒரு தாள் பெரிய உதவி.

கடிதத்தில் நீங்கள் தயங்காமல் பேசக்கூடியவராகக் குறிப்பிட்டிருப்பது உங்கள் அண்ணனை மட்டும்தான். பிரதிநிதியாக இருக்கச் சம்மதமா என்று அவரிடம் கேளுங்கள். மருந்துக் குறைப்பு விஷயத்தையும் வீட்டில் அவரிடமே முதலில் சொல்லலாம். டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போய், இடையில் ஏதாவது இரவில் விசில் சத்தம் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தால், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.